வெதுவெதுப்பைத் தேடி ஒரு குளிர்காலப் பயணம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நாம் எங்கே போக ஆசைப்படுகிறோம்? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று குளிர்ந்த மலைகளைத் தேடித்தானே! ஆனால் உலகின் வடபகுதியில் வாழும் மக்களுக்கு இது நேர்மாறு. டிசம்பர் பிறந்தால் அவர்களுடைய ஊர்களில் பனி கொட்டும். ஏரிகள் உறைந்து கல்லாகும். மரங்கள் இலையின்றி நிற்கும். அப்போது அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெயிலைத் தேடிப் புறப்படுவார்கள். வட அமெரிக்காவில் அப்படிப் புறப்படுபவர்களில் ஏராளமானோர் சென்று சேருமிடம் ஃபுளோரிடா.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கு மூலையில், கட்டைவிரலைப் போலக் கடலுக்குள் நீண்டிருக்கும் தீபகற்பம் இது. கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல். மேற்கே மெக்சிகோ வளைகுடா. இரு கரைகளிலும் சிறுசிறு தீவுகளும், உப்பங்கழிகளும், அலையாத்திக் காடுகளும் நிறைந்திருக்கின்றன.

மனிதர்கள் மட்டும்தானா இப்படி வெதுவெதுப்பைத் தேடி வருகிறார்கள்? இல்லை. அதே மாதங்களில் இன்னொரு கூட்டமும் இங்கே வந்து கூடுகிறது. விடுதியில் அறை எடுக்காத, பயணச்சீட்டு வாங்காத கூட்டம் அது. மனிதனுக்கு இது உல்லாசப் பயணம். அந்த விருந்தாளிகளுக்கோ இது உயிர் காக்கும் பயணம். வாருங்கள், நாமும் ஒரு சிறு துடுப்புப் படகில் ஏறி அவற்றைக் கண்டு வருவோம்.

தீவுகள் சூழ்ந்த ஊற்று

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் கிரிஸ்டல் ரிவர் என்ற சிற்றூர் உள்ளது. ‘பளிங்கு ஆறு’ என்று பொருள். ஏறத்தாழ டில்லியின் அட்சரேகையிலேயே இது அமைந்திருக்கிறது. எனவே தென்பகுதி என்றாலும் குளிர்கால இரவுகள் இங்கே கடுமையாகவே இருக்கும். அந்த ஊரை ஒட்டிய கிங்ஸ் விரிகுடாவில் 70க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் தரைக்கடியிலிருந்து இடையறாது பொங்கிக்கொண்டிருக்கின்றன. விரிகுடாவின் நடுவே சில சிறு தீவுகள்.

ஜனவரி மாதத்தின் ஒரு விடியற்காலை என்று வைத்துக்கொள்வோம். நீரின் மேல் வெண்புகை போல ஆவி எழுகிறது. தீவின் மரக்கிளையில் பாம்புத்தாரா சிறகை விரித்து வெயிலுக்காகக் காத்திருக்கிறது. விராலடிப்பான் ஒன்று வானில் வட்டமிடுகிறது. திடீரென்று படகின் அருகே ‘புஸ்’ என்று பெருமூச்சு! நீர்மட்டத்தில் இரண்டு மூக்குத் துளைகள் திறந்து மூடுகின்றன. கீழே குனிந்து பார்த்தால், தெளிந்த நீருக்குள் சாம்பல் நிறத்தில் பெரிய பாறை ஒன்று மெல்ல நகர்கிறது. அது பாறையன்று, மானட்டி!

யானையின் உறவினர்

மானட்டி நீரிலேயே பிறந்து நீரிலேயே வாழும் பாலூட்டி. சுமார் 3 மீட்டர் நீளம், ஏறத்தாழ 450 கிலோகிராம் எடை. முன்னால் துடுப்பு போன்ற இரு கைகள், பின்கால்கள் இல்லை, உருண்டையான விசிறி போன்ற வால். சாதாரணமாகச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விடும். ஓய்வாகக் கிடக்கும்போது 20 நிமிடம் வரைகூட மூச்சை அடக்கிக்கொள்ளும்.

பார்வைக்குத் திமிங்கலத்தின் தம்பி போலத் தோன்றினாலும், இதன் நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? யானை! தாடையைத் திறந்து பார்த்தால் அந்த உறவு விளங்கும. மானட்டிக்குக் கடைவாய்ப் பற்கள் பின்புறத்தில் புதிதாக முளைத்து, மெல்ல மெல்ல முன்னோக்கி நகர்ந்து வரும். தேய்ந்த பற்கள் முன்புறத்தில் உதிர்ந்துவிடும். மணல் கலந்த புல்லை நாள்தோறும் அரைக்கும் வாய்க்கு இது தக்க ஏற்பாடுதானே? யானைக்கும் பல் இவ்வாறே பின்னிருந்து முன்னாக மாறுகிறது. ஆனால் யானைக்கு இப்படி ஆறு முறைதான். மானட்டிக்கோ வாழ்நாள் முழுவதும்.

மானட்டி தாவர உண்ணி. நீர்ப்பூண்டுகளும் கடற்புற்களுமே அதன் உணவு. 450 கிலோகிராம் எடையுள்ள ஒரு மானட்டி நாளொன்றுக்கு 20 முதல் 40 கிலோகிராம் வரை புல் தின்னும். நாளின் பல மணி நேரம் மேய்ச்சலிலேயே போய்விடும்.

பருத்த உடல், ஆனால் குளிர் தாங்காது

‘இவ்வளவு பருத்த பிராணிக்குக் குளிர் என்ன செய்யும்? திமிங்கலம் துருவக் கடலிலேயே நீந்துகிறதே!’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

திமிங்கலத்துக்குத் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் போர்வை இருக்கிறது. மானட்டியின் பருமன் கொழுப்பால் வந்ததன்று. புல்லைச் செரிக்க வேண்டிய மிக நீண்ட குடல் அதன் வயிற்றை நிறைத்திருக்கிறது. கொழுப்புப் படலம் மெல்லியதே. அது மட்டுமன்று. உடலுக்குள் உணவை எரித்து வெப்பம் உண்டாக்கும் வேகமும் மானட்டிக்கு மிகக் குறைவு. அதே அளவுள்ள மற்றொரு பாலூட்டியில் நடைபெறும் வளர்சிதை மாற்றத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் இதில் நடைபெறுகிறது. சத்துக் குறைந்த புல்லைத் தின்று சோம்பலாக வாழும் பிராணிக்கு இந்தச் சிக்கனம் நல்லதுதான். ஆனால் அடுப்பில் விறகு குறைவாக எரிந்தால் அறை எப்படிச் சூடாகும்?

இன்னொரு காரணமும் உண்டு. நீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். 20 டிகிரி செல்சியஸ் காற்றில் நாம் சுகமாக உட்கார்ந்திருக்கலாம். அதே 20 டிகிரி நீரில் அரைமணி கிடந்தால் உதடு நீலம் பூத்துவிடும். மானட்டிக்கும் எல்லைக்கோடு இந்த 20 டிகிரிதான். நீரின் வெப்பம் அதற்குக் கீழே இறங்கிப் பல நாட்கள் நீடித்தால், அது உணவை வெறுக்கும், செரிமானம் நின்றுபோகும், தோலில் வெண்ணிறப் புண்கள் தோன்றும், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றும், முடிவில் இறந்துபோகும். இளம் கன்றுகளே முதலில் பலியாகும். குளிர்காலத்தில் மெக்சிகோ வளைகுடாவின் இப்பகுதியில் கடல்நீர் 15 டிகிரிக்கும் இறங்கிவிடுவது உண்டு. ஆகவே வெதுவெதுப்பான நீர் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உயிர் இல்லை.

குளிர்கடலில் வாழக் கற்ற ஒரு மானட்டி உறவினமும் ஒரு காலத்தில் இருந்தது. ஸ்டெல்லரின் கடற்பசு என்று அதற்குப் பெயர். பெரிங் கடலின் தீவுகளை ஒட்டி வாழ்ந்த அது, சுமார் 8 மீட்டர் நீளமும் தடித்த கொழுப்பும் கொண்டது. இயற்கை அறிஞர் ஸ்டெல்லர் அதை 1741இல் முதன்முதலாகக் கண்டார். 1768ஆம் ஆண்டுக்குள் வேட்டைக்காரர்கள் அதைப் பூண்டோடு அழித்துவிட்டனர். அறிவியல் உலகம் அறிந்த 27 ஆண்டுகளிலேயே ஓர் இனம் மறைந்தது! எஞ்சியிருக்கும் உறவினங்கள் யாவும் வெப்ப நீரை நம்பியவையே.

ஊற்று நீர் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது?

கிங்ஸ் விரிகுடாவின் ஊற்றுகளில் கோடையானாலும் குளிர்காலமானாலும் நீரின் வெப்பநிலை 22 டிகிரிதான். எரிமலையும் இல்லை, வெந்நீர்க் கொதிகலனும் இல்லை. பிறகு எப்படி?

விடை உங்கள் ஊர்க் கிணற்றிலேயே இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் கிணற்று நீரை இறைத்து ஊற்றிக் குளித்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அதே கிணற்று நீர் சித்திரை வெயிலில் ஜில்லென்றிருக்கும். உண்மையில் நீர் மாறவில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றுத்தான் மாறியது. ஒரு வெப்பமானியைக் கொண்டு மார்கழியிலும் சித்திரையிலும் ஆழ்கிணற்று நீரின் வெப்பத்தை அளந்து பாருங்கள். அதிக வேறுபாடு இராது.

மண்ணும் பாறையும் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துபவை. தரையின் மேல் கோடை வெயில் கொளுத்தினாலும், அந்த வெப்பம் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்குவதற்குள் குளிர்காலம் வந்துவிடும். இப்படிச் சூடும் குளிரும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், சற்றே ஆழத்தில் ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலை நிலவுகிறது. அது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைக்கு ஏறத்தாழச் சமம்.

ஃபுளோரிடாவின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வலிமை குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. இந்த அமிலம் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புப் பாறையை அரித்துப் பாதாளச் சுரங்கங்களை உண்டாக்கியிருக்கிறது. அவற்றின் வழியே ஓடி, பாறையின் வெப்பநிலையைப் பெற்று, பிளவுகளின் வழியே பொங்கி வரும் நீர்தான் இந்த ஊற்று. வெளியே கடும் குளிர் வீசும்போது 22 டிகிரி நீர் மானட்டிக்குக் கம்பளிப் போர்வையாகிறது.

வழி காட்டும் தாய்

கோடையில் மானட்டிகள் கடலோரமாக நெடுந்தூரம் சுற்றித் திரியும். 1994இல் ஓர் ஆண் மானட்டி வடக்கே செசபீக் விரிகுடா வரை போய்விட்டது. குளிர்காலம் நெருங்கியும் அது திரும்பாததால், அறிஞர்கள் அதைப் பிடித்து விமானத்தில் ஏற்றி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். ‘செஸ்ஸி’ என்று பெயரும் சூட்டினர். அடுத்த ஆண்டே அது இன்னும் வடக்கே ரோட் ஐலண்டு வரை நீந்திச் சென்று, தானாகவே திரும்பியும் வந்தது!

இவ்வளவு தூரம் சென்றாலும் ஊற்று இருக்கும் இடம் எப்படி நினைவிருக்கிறது? கன்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாயுடன் இருக்கும். தாய் எந்த ஊற்றுக்கு அழைத்துச் செல்கிறதோ அதுவே கன்றுக்குப் பழகிய புகலிடமாகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் கடலோரத்தில் மின் நிலையங்கள் எழுந்தன. அவை குளிர்விப்பதற்குப் பயன்படுத்திய நீரைச் சூடாக வெளியே விட்டன. மானட்டிகள் அதையும் கண்டுபிடித்துக்கொண்டன. இன்று ஃபுளோரிடாவின் மானட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை குளிர்காலத்தில் மின் நிலையக் கழிவு நீரையே நாடுகின்றன. மின் நிலையத்துக்கு வயதாகி அது மூடப்பட்டால் என்ன ஆகும்? பழகிய இடத்திலேயே காத்திருந்து குளிரில் மாள நேரலாம். ஆகவே இயற்கை ஊற்றுகளைக் காப்பது இன்னும் அவசரமாகிறது. நிலத்தடி நீரை மனிதன் மேன்மேலும் உறிஞ்சினால் ஊற்றின் பாய்ச்சல் குறையும் என்பதையும் மறக்கலாகாது.

விருந்தாளிக்கு ஒரு விதி

1960களின் இறுதியில் டேனியல் ஹார்ட்மன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் கிரிஸ்டல் ரிவரில் நீருக்குள் இறங்கி மானட்டிகளை முறையாக ஆராய்ந்தார். அப்போது அங்கே வந்தவை சில டஜன்களே. 1983இல் கிங்ஸ் விரிகுடாவின் தீவுகளைக் கொண்டு மானட்டிக்காகவே ஒரு தேசியப் புகலிடம் அமைக்கப்பட்டது. இன்று கடும் குளிர் நாட்களில் பல நூறு மானட்டிகள் அங்கே கூடுகின்றன.

அவற்றைக் காண உல்லாசப் பயணிகளும் வருகிறார்கள். ரப்பர் உடை அணிந்து அவற்றின் அருகே நீந்தவும் இங்கே அனுமதி உண்டு. ஆனால் விதிகள் கண்டிப்பானவை. துரத்தக் கூடாது, சூழ்ந்துகொள்ளக் கூடாது, மேலே ஏறக் கூடாது, தாயையும் கன்றையும் பிரிக்கக் கூடாது, உணவோ நீரோ கொடுக்கக் கூடாது. நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை சில ஊற்றுப் பகுதிகள் கயிறு கட்டி அடைக்கப்படும். மனிதர் நுழையவே கூடாது.

‘தொட்டால் என்ன குறைந்துவிடும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். துரத்தப்பட்ட மானட்டி 22 டிகிரி நீரை விட்டு 15 டிகிரி நீருக்குள் ஓடுகிறது. சிக்கனமாக எரியும் அதன் உடல் அடுப்பால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. நமக்கு ஒரு நிமிட வேடிக்கை. அதற்கு உயிர்ச் சேதம். விரைவுப் படகுகளால் வரும் ஆபத்து இன்னும் பெரிது. படகின் சுழல் தகடு கிழித்த தழும்பில்லாத மானட்டி அரிது. அந்தத் தழும்புகளின் வடிவத்தைக் கொண்டே ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு மானட்டியையும் அடையாளம் காண்கிறார்கள் என்பது வேதனை தரும் உண்மை.

கிழக்குக் கரையில் ஒரு தீவு

இனி தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து அட்லாண்டிக் கரைக்குச் செல்வோம். அங்கே சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தியன் ரிவர் என்ற உப்பங்கழி கரையோடு ஒட்டிக் கிடக்கிறது. அதில் சில ஏக்கர் பரப்பே உள்ள பெலிக்கன் தீவு வரலாற்றுப் புகழ் பெற்றது.

பழுப்புக் கூழைக்கடாக்கள் அந்தத் தீவில் கூடு கட்டின. நம் நாட்டுக் கூழைக்கடாக்கள் நீந்தியபடியே மீனை அள்ளும். இவை உயரத்திலிருந்து தலைகுப்புறக் கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும். தோலுக்கடியிலுள்ள காற்றுப் பைகள் மோதலின் வேகத்தைத் தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீமாட்டிகளின் தொப்பிகளில் இறகு சூட்டும் நாகரிகம் பரவியது. அதற்காகப் பறவைகள் ஆயிரக்கணக்கில் சுட்டு வீழ்த்தப்பட்டன. 1903 மார்ச் 14 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்தத் தீவைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தார். அமெரிக்காவின் முதல் தேசிய வனவிலங்குப் புகலிடம் அதுவே. காவலராக நியமிக்கப்பட்ட பால் குரோகல் என்பவருக்குச் சம்பளம் மாதம் ஒரு டாலர்! ஒரு காவலரும் ஒரு படகும் பறவைகளைக் காப்பாற்றின.

ஆனால் ஒன்று கேட்போம். தீவுக்குக் காவல் போடலாம். தண்ணீருக்குக் காவல் போட முடியுமா?

வெப்பம் உண்டு, உணவு இல்லை

இந்தியன் ரிவர் உப்பங்கழியின் அடியில் பரந்த கடற்புல் வெளிகள் இருந்தன. கரையோரம் வீடுகள் பெருகின. புல்தரைகளுக்கும் தோட்டங்களுக்கும் இட்ட உரமும், வீட்டுக் கழிவுத் தொட்டிகளின் கசிவும் மழைநீரோடு உப்பங்கழியில் கலந்தன. நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்த நீரில் நுண்பாசிகள் பொங்கிப் பெருகின. 2011இல் மாபெரும் பாசிப் பெருக்கம் நேர்ந்தது. பச்சைக் குழம்பாகிப்போன நீரில் சூரிய ஒளி அடிவரை செல்லவில்லை. ஒளியின்றி ஒளிச்சேர்க்கை ஏது? கடற்புல் மடிந்தது. பாசிப் பெருக்கம் மீண்டும் மீண்டும் நேர்ந்ததால், சில ஆண்டுகளில் உப்பங்கழியின் கடற்புல்லில் பாதிக்கும் மேல் அழிந்தது.

2020–21 குளிர்காலத்தில் மானட்டிகள் வழக்கம்போல் மின் நிலையத்தின் வெப்ப நீரைத் தேடி வந்தன. வெப்பம் இருந்தது, சுற்றிலும் புல் இல்லை. வெளியே போனால் குளிர். உள்ளே இருந்தால் பசி. மெலிந்து எலும்பெடுத்த மானட்டிகள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கின. 2021ஆம் ஆண்டில் மட்டும் ஃபுளோரிடாவில் சுமார் 1,100 மானட்டிகள் இறந்தன. பட்டினியே இவற்றில் பலவற்றின் முடிவுக்குக் காரணம். அடுத்த குளிர்காலத்தில் அதிகாரிகள் முன்னெப்போதும் செய்யாத ஒன்றைச் செய்தனர். கேப் கனாவெரல் மின் நிலையத்தின் அருகே நின்று லெட்டூஸ் கீரையை நீரில் கொட்டினர். சுமார் 90 டன் கீரை! அது அவசர சிகிச்சைதான். நோய்க்கு மருந்தன்று என்பதை அவர்களும் அறிவார்கள்.

நட்டு வளர்த்த புல்வெளி

நோய்க்கு மருந்து எது? மீண்டும் கிங்ஸ் விரிகுடாவுக்கே வருவோம். 1993 மார்ச்சில் வீசிய பெரும் புயலில் கடல்நீர் புகுந்து, அந்த விரிகுடாவின் நன்னீர்ப் புற்கள் அழிந்தன. அவற்றின் இடத்தை லிங்பியா என்ற நாற்றமடிக்கும் பாசி பிடித்துக்கொண்டது. 2015 முதல் ஊர் மக்கள் ஒரு முயற்சியில் இறங்கினர். அடியில் படிந்த பாசியையும் சேற்றையும் குழாய் வைத்து உறிஞ்சி அகற்றினர். சுத்தமான மணலில் வாலிஸ்னீரியா நாற்றுகளைக் கையால் நட்டனர். ஆம், நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு உதாரணமாக உங்கள் தாவரவியல் பாடத்தில் வருகிறதே, அதே வாலிஸ்னீரியா இனம்தான்! வேர் பிடிக்கும் வரை மானட்டி தின்றுவிடாதபடி கம்பிக் கூண்டு கவிழ்த்துக் காத்தனர். நீர் தெளிந்தது, புல் பரவியது. இப்போது மானட்டிக்கு வெதுவெதுப்பும் உணவும் ஒரே இடத்தில்.

இந்த இரு கரைகளும் நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றே. புகலிடம் என்பது வேலி போட்ட இடம் மட்டுமன்று. வெப்பம், உணவு, தெளிந்த நீர் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தால்தான் அது புகலிடம். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

நம் கடலில் ஓர் உறவினர்

இந்தக் கதை நமக்கு அந்நியமானதன்று. மானட்டியின் நெருங்கிய உறவினரான கடற்பசு நம் பாக் நீரிணைப் பகுதியிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிறது. ‘ஆவுளியா’ என்று நம் மீனவர்கள் அழைப்பது இதைத்தான். மானட்டியின் வால் விசிறி போன்றது. ஆவுளியாவின் வால் திமிங்கலத்தைப் போலப் பிளவுபட்டது. நம் கடல் ஆண்டு முழுவதும் வெப்பமாக இருப்பதால் ஊற்றைத் தேடி ஓட வேண்டிய தேவை அதற்கில்லை. ஆனால் கடற்புல் இல்லாமல் அதுவும் வாழ முடியாது. இந்தியக் கடல்களில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அதற்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. வலையில் தவறிச் சிக்கும் ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவர்களும் இருக்கிறார்கள்.

காப்பகத்தின் எல்லையை வரைபடத்தில் வரைந்தாயிற்று. ஆனால் ஆற்றில் விடும் சாக்கடையும், வயலிலிருந்து வழியும் உரமும் எல்லைக்கோட்டைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளில் கடற்புல் பசுமையாக இருக்கிறதா என்பது, கரையில் வாழும் நாம் தண்ணீரை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, அலை ஒதுக்கிய பச்சை நாடா போன்ற இலைகள் காலில் பட்டால் குப்பை என்று எண்ணிவிடாதீர்கள். குனிந்து எடுத்துப் பாருங்கள். அது ஆவுளியா மேயும் புல்வெளியின் ஓர் இதழாக இருக்கலாம்.